ஒரு வேகனுக்கு மட்டும் புதுச் சக்கரம்

செவ்வாய்க்கிழமை காலை. சிங்காநல்லூரில் நஞ்சப்பன் வீட்டு மாடியறையில் ரயில் நகர மறுத்தது.

பொம்மை ரயில்தான். ஆனால் அதைப் பொம்மை என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் அந்த வீட்டில் இரண்டாம் முறை காபி குடித்ததில்லை. பம்ப்செட் பட்டறையை விற்றுவிட்டு ஓய்ந்த நஞ்சப்பன், அந்த அறையில் ஒரு குட்டி ரயில்வேயை நடத்திக்கொண்டிருந்தார். பெரிய மேசையைச் சுற்றித் தண்டவாளம், இரண்டு ஸ்டேஷன், ஒரு பாலம், கையளவு நீளத்தில் முப்பது சரக்கு வேகன்கள். அறைக்குப் பூட்டு வேறு.

அன்று மகள் சுகந்தாமணி ஈரோட்டிலிருந்து வந்திருந்தாள். மறுநாள் அம்மா பழனியாத்தாளின் முதல் வருடத் திதி. அம்மாவின் தாலிக்கொடி உனக்குத்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தால் ஆகாதா? ஆகாது. ரயிலில்தான் வர வேண்டும், அதைப் பிள்ளைகள் இருவரிடமும் சொல்லியிருந்தார், எந்த வேகன் என்பதை மட்டும் சொல்லவில்லை. மூடிய வேகன் ஒன்றின் வயிற்றுக்குள் கொடியைச் சுருட்டி வைத்திருந்தார். வண்டி மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மகள் முன்னால் நிற்கும், அவர் திறந்து எடுத்துக் கொடுப்பார். பெண்டாட்டி உயிரோடு இருந்தவரை ஒரு முழம் பூ வாங்கித் தராத மனிதருக்கு, அவள் போனபிறகு வந்த ஆசை இது.

சுவிட்சைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. என்ஜின் அசையவில்லை.

"எங்கியோ ஷார்ட் ஆகுது. நீ போயிக் காப்பி போட்டுக் கொண்டா கண்ணு, அதுக்குள்ள சரிபண்ணிப்போடறேன்."

சுகந்தாமணி கீழே போனாள். அவர் வேகன்களை ஒவ்வொன்றாகத் தண்டவாளத்திலிருந்து எடுத்து வைத்தார். கொடி வைத்த வேகனை எடுத்ததும் சிவப்பு விளக்கு அணைந்தது.

மகள் காபியோடு திரும்பியபோது அந்த வேகன் மேசைமேல் மல்லாந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. நஞ்சப்பன் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சு கண்ணு."

அவள் போனை எடுத்தாள். "பொறு கண்ணு, போலீசெல்லாம் எதுக்கு, சித்த பொறு" என்று அவர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

*

வந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் யுவஸ்ரீ. கூட ஏட்டு தமிழ்ச்செல்வன். யுவஸ்ரீக்கு முப்பது வயதாகவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை கண்ணை எடுக்காத ரகம். அதனாலேயே ஸ்டேஷனில் அவரைப் பலருக்கும் பிடிக்காது.

தேய்த்துப் பளபளத்த எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது.

"அம்மணிக்கு எந்த ஊருங்க?" என்றார் நஞ்சப்பன்.

"பல்லடம் பக்கமுங்க."

"பல்லடத்துல எங்கீங்க? நம்மாளுக அங்க ஏகப்பட்ட பேரு இருக்காங்க."

"ஊருக்குக் கெழக்கால இருக்கற தெருவுங்க."

"ஓ" என்றார் நஞ்சப்பன். அந்த 'ஓ'வைப் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவர் யுவஸ்ரீ. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினார்.

"கடைசியா எப்பங்க இந்த ரயிலு ஓடுச்சு?"

"ஞாயித்துக்கெழம. இந்த வேகனுக்குப் புதுச் சக்கரம் மாட்டி ரெண்டு சுத்து ஓட்டுனமுங்க. கலீல் பாயி கூட இருந்தாரு. உக்கடத்துல எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்காரு. அவருக்கும் இந்த ரயில் கிறுக்கு உண்டு."

"நேத்து?"

"காலையில கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டனுங்க. ஆபரேசன் பண்ணுன கண்ணு. திரும்பி வர மத்தியானம் ஆயிருச்சு."

"அப்ப வூட்டுல யாரு?"

"பையன் சுரேந்தரு. அப்பறம் வேலைக்காரி, மாசாணி."

"ரூம் சாவி?"

"என்ற கட்டில் தலமாட்டுல ஆணியில தொங்கும். எல்லார்த்துக்கும் தெரியும்."

"யாரு மேல சந்தேகமுங்க?"

நஞ்சப்பன் காலி வேகனை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"மாசாணிதானுங்க இந்த ரூமைக் கூட்டறது. வாராவாரம் வேகனையெல்லாம் கையில எடுத்துத் தொடச்சு வெப்பா. எடுத்தா வெயிட்டு தெரிஞ்சிருக்குமில்லீங்க?"

"நாந்தான் சொன்னனே மேடம்" என்றாள் சுகந்தாமணி. "அவளப் புடிச்சு ரெண்டு போடு போட்டா எடுத்துக் குடுத்துருவா."

யுவஸ்ரீ மேசையைச் சுற்றி வந்தார். முப்பது வேகன்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நான்கு சக்கரம் கோத்த சட்டம் இரண்டு. அந்தச் சட்டங்களின் திருகைக் கழற்றினால்தான் தளம் திறக்கும், உள்ளே எதையும் வைக்கவோ எடுக்கவோ முடியும். மற்ற வேகன்களின் திருகுகளில் கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்தது. திருடியவர் தேடவில்லை. நேராக ஒன்றையே எடுத்திருக்கிறார்.

எல்லா வேகனுக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் சக்கரம். இந்த ஒன்றுக்கு மட்டும் பித்தளைச் சட்டத்தில் வெள்ளையாக மின்னும் உலோகச் சக்கரம். பிளாஸ்டிக் சக்கரம் ஒன்றை யுவஸ்ரீ கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார். விரலில் மை போல அழுக்கு ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் ஒரு குட்டைத் துடைப்பமும் முறமும் இருந்தன. கீழ்த்தளத்துத் துடைப்பத்தை அவர் படியேறும்போதே பார்த்திருந்தார். இது வேறு.

"தண்டவாளத்துக்கு நடுவால இது என்னங்க, சின்னதா ஒரு வில்லை?"

"காந்தமுங்க. வேகனை அதுக்கு மேல நிறுத்துனா கொக்கி தானாக் கழண்டுக்கும்."

காந்தத்தின்மேல் தீக்குச்சியை விட மெல்லிய எஃகுத் தகடு ஒன்று படுத்திருந்தது. எங்கேயோ பார்த்த தகடுபோல் இருந்தாலும், அதுவும் அந்த அமைப்பில் சேர்ந்ததாக்கும் என்று யுவஸ்ரீ அப்போது நினைத்துக்கொண்டார்.

*

சுரேந்தருக்கு நாற்பது வயதிருக்கும். பல்லடத்தில் தறி போட்டிருக்கிறார். பாதித் தறி நின்றுவிட்டது என்று ஊரே சொல்லும். அவர் மட்டும் சொல்லமாட்டார்.

"ரயில் ரூமுக்குப் போவீங்களா?"

"அம்மா போனதுக்கப்பறம் நான் மாடியே ஏறலீங்க மேடம். அந்த ரயிலப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது. கெழவனுக்குப் பொழுது போகோணும், ஓட்டட்டும்னு உட்டுட்டேன்."

"கொடி அதுல இருந்தது தெரியுமா?"

"எந்த வேகன்ல வெச்சிருக்கறாருன்னு யாருகிட்டயும் மூச்சு உட்டதில்லீங்க. நேத்து அந்தக் கலீல் பாயி வந்தாரு. மிச்சச் சக்கரம்னு ஒரு பொட்டலத்தக் குடுத்துட்டுப் போனாரு. அவரையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

"பொட்டலத்த எங்க குடுத்தாரு?"

"கேட்டுலதானுங்க."

"அப்ப மாடிக்குப் போகலையே?"

சுரேந்தர் போன் வந்ததுபோல் எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

மாசாணியம்மாள் புழக்கடையில் துணி துவைக்கும் கல்லருகே நின்றாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, கையில் சோப்பு நுரை. அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த பொந்து. அதில் ஒரு கண்ணாடி கிளாஸ் கவிழ்த்து வைத்திருந்தது. யுவஸ்ரீ அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"எத்தன வருசமா இங்க வேலைங்க்கா?"

"பன்னெண்டு வருசமாச்சுங்க அம்மணி."

"மேல ரயில் ஓடுதே, என்ன கலரு?"

"பாத்ததில்லீங்க. சத்தந்தான் கேட்டிருக்கறேன்."

"அந்த ரூமை யாரு கூட்டறது?"

"பண்ணாடிதானுங்க, பெரியவரே கூட்டிக்குவாரு."

"நீங்க கூட்டறதா அவரு சொல்றாரே?"

மாசாணியம்மாள் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் பயத்தை விட ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

"நானுங்களா? வாசப்படியோட சரிங்க. பழனியாத்தா அம்மா படமும் அங்கதான இருக்குது. நாங்கெல்லாம் உள்ள போறதில்லீங்க."

பிறகு அழத் தொடங்கினாள். மகள் எழில், காந்திபுரம் பக்கம் ஒரு நகைக்கடையில் ஒண்ணாம் தேதி வேலைக்குச் சேர வேண்டும். போலீசில் ஒரு நன்னடத்தைச் சான்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். "நகைக்கடைங்க அம்மணி. ஆத்தா நகை திருடுனவன்னு ஒரு பேச்சு காதுல உளுந்தாப் போதும், என்ற புள்ளையக் கடை வாசல்லயே நிறுத்திருவாங்க. எப்படியாவது அந்தப் பேச்சு வராமப் பண்ணுங்க."

யுவஸ்ரீயால் அதைச் செய்ய முடியவில்லை. சுகந்தாமணி ஏற்கெனவே மேலிடத்துக்குப் போன் பேசியிருந்தாள். வேலைக்காரியை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்து விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மத்தியானம், தெருவே வேடிக்கை பார்க்க, மாசாணியம்மாளை ஜீப்பில் ஏற்றினார்கள். பொழுது சாயும்வரை அவள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்து அவளை ஜீப்பில் ஏற்றிய கை யுவஸ்ரீயுடையதுதான். உத்தரவு என்று அதற்குப் பேர் வைத்துக்கொள்ளலாம். யுவஸ்ரீ வைத்துக்கொள்ளவில்லை.

*

உக்கடம். கலீல் ரஹ்மானின் கடையில் முன்னால் பல்பும் ஒயரும், பின்னால் கண்ணாடி அலமாரி நிறைய ரயில். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தாலிக்கொடியா? அதுக்குத்தானா அந்த ஒரு வேகனுக்கு மட்டும் அத்தன பாடு?"

"என்ன பாடுங்க பாய்?"

"அந்த வேகன் வளைவுல கவுந்துருதுன்னாரு. பாத்தா வெயிட்டுல பிளாஸ்டிக் சட்டமே விரிஞ்சு கெடக்குது. உள்ள என்னண்ணா இருக்குன்னா, ஈயம்னாரு. ஈயத்த எடுத்துருங்கண்ணான்னேன். மாட்டேன்னுட்டாரு. சரி, மாத்தறதுன்னா முப்பதுக்கும் உலோகச் சக்கரமா மாத்திருங்க, வண்டியும் நல்லா உருளும், அழுக்கும் சேராதுன்னேன். அதுக்கும் மாட்டேன்னாரு. ஒண்ணுக்கு மட்டும் போதும், கனம் தாங்கோணும். அதனாலதான் பித்தளைச் சட்டமே வரவழச்சேன்."

"பிளாஸ்டிக்குல அழுக்கு சேருமா?"

"வாரி அப்பிக்கும் மேடம். வாரம் ஒருக்காத் தொடைக்கலைன்னா மை மாதிரி படிஞ்சிரும். நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். கண்ணு ஆபரேசன் ஆனதுலேர்ந்து அண்ணன் தொடைக்கறதே இல்ல."

யுவஸ்ரீ தன் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு கேட்டார். "சக்கரத்த நீங்கதான் மாட்டுனீங்களா?"

"உடலையே! ஞாயித்துக்கெழம கொண்டு போனேன். என்னை வெளிய நிறுத்திக் கதவச் சாத்திட்டு அவரே மாட்டுனாரு. இத்தன வருசத்துல அந்த ரூமுல எனக்குன்னு ஒரு சேர் உண்டு. அன்னிக்குத்தான் முதல் தடவ வெளிய நின்னேன். அப்பறம் கூப்பிட்டாரு. வளையம் ஒரே பக்கம் இருக்குதான்னு பாத்துட்டு, ஓட்டிட்டுத்தான் வந்தேன்."

"என்ன வளையம்?"

கலீல் ஒரு ஜோடிச் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். ஒரு சக்கரத்தின் நடுவே மட்டும் மெல்லிய கறுப்பு வளையம்.

"ஒரு தண்டவாளம் பிளஸ்ஸு, இன்னொண்ணு மைனஸ். பிளாஸ்டிக் சக்கரம்னா கவலையில்ல. உலோகம்னா கரண்டு இக்கட்டயிருந்து அக்கட்ட தாண்டிரும். தாண்டாம இருக்கத்தான் ஒரு பக்கம் மட்டும் இந்த வளையம். வேகனோட ரெண்டு சட்டத்துலயும் வளையம் ஒரே பக்கம் இருக்கோணும். ஒரு சட்டத்த மாத்தித் திருப்பி மாட்டிட்டா, கரண்டு தகரத் தளம் வழியாத் தாண்டி மொத்த ரயிலும் நின்னுரும்."

"செவப்பு விளக்கு எரியும்."

"ஆமா. ரயில் ஓட்டறவன் எவனும் அந்தத் தப்பப் பண்ணமாட்டான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பண்ணமாட்டான்."

யுவஸ்ரீ சக்கரத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "இதுல சைஸெல்லாம் எப்படிங்க பாத்து எடுப்பீங்க?"

"அச்சு நீளம் சரியா இருக்கோணும். கொஞ்சம் கூடுனாலும் சுத்தாது, கொறஞ்சாலும் கழண்டுரும். அண்ணனுக்குக் கண்ணு ஆகல, பழைய அச்சக் கழட்டிச் சுரேந்தர் தம்பிகிட்டக் குடுத்தாரு. தம்பிதான் வெர்னியர்ல அளந்து போன்ல சொன்னாப்ல. ஒரு வேகனுக்கு மட்டும் எதுக்கு பாய் பித்தளைன்னு கேட்டாப்ல. வெயிட்டு தாங்கத்தான்னேன்." கலீல் நிறுத்தினார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டதுபோல் விழித்தார். "யா அல்லா."

"இன்னும் ஒண்ணுங்க பாய். அந்தக் காந்தத்து மேல மெல்லிசா ஒரு தகடு வருமா?"

"காந்தத்து மேலயா? ஒண்ணும் வராது மேடம். எதையாச்சும் வெச்சா வேகன் தட்டும்."

*

புதன்கிழமை. திதி முடிந்து, காக்கைக்குச் சோறு வைத்து, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த நேரம். எள்ளும் தண்ணீரும் இறைத்து அம்மாவுக்குப் பிண்டம் வைத்தவர் சுரேந்தர்தான்.

யுவஸ்ரீ மாடியறைக்குள் எல்லோரையும் கூப்பிட்டார். மாசாணியம்மாளையும் அழைத்து வந்திருந்தார். அவள் பழக்கப்படி வாசற்படிக்கு வெளியே நின்றாள். கலீல் தன் நாற்காலியில் உட்காராமல் ஓரமாக நின்றார். ஏட்டு தமிழ்ச்செல்வன் சுரேந்தருக்குப் பக்கத்தில். சுகந்தாமணி காபி கொண்டு வந்தாள். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் டம்ளர். யுவஸ்ரீக்குப் பேப்பர் கப்.

யுவஸ்ரீ அதை வாங்கி, குடிக்காமல், மேசை ஓரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்.

"நேத்து டம்ளர்ல வந்துச்சு" என்றார். "பரவாயில்லீங்க. இதுலயும் ஒரு தடயம் இருக்குது."

நஞ்சப்பன் ஜன்னலைப் பார்த்தார்.

"திருடுனவங்க வேகனைத் திறந்து மூடறப்ப ஒரு சட்டத்த மாத்தித் திருப்பி மாட்டீட்டாங்க. அதனாலதான் ஷார்ட். அந்தத் தப்பக் கலீல் பாயி பண்ணமாட்டாரு. ஆக, ரயில் தெரியாத ஆளு. ஆனா முப்பது வேகன்ல எதுல கொடி இருக்குன்னு தெரிஞ்ச ஆளு. எப்படித் தெரிஞ்சுது? புதுச் சக்கரந்தான் சொல்லுச்சு. கனம் தாங்கற சக்கரம் ஒண்ணுக்கு மட்டும் எதுக்கு? கனமான பொருள் அதுலதான் இருக்குது. உள்ள வந்து மின்னற சக்கரம் எதுன்னு பாத்தாப் போதும்."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்" என்றாள் சுகந்தாமணி. "வாராவாரம் தொடைக்கறவளுக்குத் தெரியாதா?"

"வாராவாரம்." யுவஸ்ரீ ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டி, விரலை அவள் முகத்துக்கு நேரே காட்டினார். கன்னங்கரேல் என்று இருந்தது. "வாராவாரம் தொடச்ச சக்கரமாங்க இது? இந்த ரூமுக்குன்னு கதவுக்குப் பின்னால தனியாத் துடைப்பம். புழக்கடைச் சுவத்துப் பொந்துல தனியாக் கிளாஸ். எனக்குத் தனியாக் கப்பு. அவங்க இந்தப் படியத் தாண்டுனதே இல்ல. நீங்க உட்டதில்ல. இல்லீங்களா?"

நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அது ஆமென்பதுபோலவே இருந்தது.

"அப்ப நீங்க பொய் சொன்னீங்க. ஏன்னு ராத்திரி பூரா யோசிச்சேன்." யுவஸ்ரீ குனிந்து, காந்தத்தின்மேல் இருந்த எஃகுத் தகட்டை நகத்தால் பெயர்த்து எடுத்தார். "இதுக்குப் பேரு டிராப் பின். தறியில பாவு நூல் ஒவ்வொண்ணுலயும் தொங்கும். நூல் அறுந்தா இது உளுந்து தறிய நிறுத்தும். எங்கம்மா தறிக்குடோன்ல வேலை செஞ்சவங்க. இது கீறிக் கீறி அவங்க வெரல்ல ரேகையே இல்ல. எனக்கு இது நல்லாத் தெரியும்."

சுரேந்தர் கதவைப் பார்த்தார். தமிழ்ச்செல்வன் அரையடி நகர்ந்து நின்றுகொண்டார்.

"கொடிய எடுத்துட்டுக் கனம் கொறையாம இருக்க ஒரு கட்டு டிராப் பின்ன உள்ள வெச்சிருக்கீங்க, சுரேந்தர். கையில எடுத்தாலும் உங்கப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு. மாடியே ஏறலைன்னீங்க, ரயிலப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னீங்க. அச்ச வெர்னியர்ல அளந்து கலீல் பாயிக்குச் சொன்னது நீங்கதான். கனம் தாங்கத்தான் பித்தளைன்னு அவரு வாயால கேட்டதும் நீங்கதான்."

"அண்ணா?" என்றாள் சுகந்தாமணி.

"இவளுக்கு மட்டும் எதுக்குடி?" சுரேந்தர் வெடித்தார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. "அம்மாவுக்குக் கடைசி ரெண்டு வருசம் மருந்து வாங்குனது யாரு? தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது யாரு? கொடி மட்டும் ஈரோட்டுக்குப் போகோணுமா?"

"எங்க இருக்குது?"

"குடோன்ல. நூல் கோனுக்குள்ள."

யுவஸ்ரீ இப்போது நஞ்சப்பன் பக்கம் திரும்பினார். "பொண்ணு காப்பி போடப் போன நேரத்துல நீங்க வேகனைத் திறந்தீங்க. டிராப் பின்னப் பாத்தீங்க. திருடன் யாருன்னு அந்த நிமிசமே தெரிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் அள்ளி ஒளிச்சுப்போட்டீங்க. ஒண்ணே ஒண்ணு காந்தத்துல ஒட்டிக்கிச்சு. ஆபரேசன் பண்ணுன கண்ணு, தெரியல. பொண்ணு போலீசக் கூப்பிட்டுட்டா. அப்ப உங்களுக்கு ஒரு திருடன் வேண்டியிருந்துச்சு."

"அவன் என்ற பையனுங்க" என்றார் நஞ்சப்பன்.

"மாசாணியக்கா யாருங்க?"

நஞ்சப்பன் வாசற்படிப் பக்கம் திரும்பாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

*

தமிழ்ச்செல்வன் பல்லடம் போய்க் கொடியோடு திரும்பிய பிறகு எல்லாம் மளமளவென்று முடிந்தது. சுகந்தாமணி கொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பொருள் கெடச்சிருச்சில்லீங்க மேடம், விட்டுருங்க. அண்ணந்தான எடுத்துச்சு, அன்னியமா?" என்றாள். புகார் வேண்டாம் என்றார் நஞ்சப்பன். வேலைக்காரி எடுத்திருந்தால் அது திருட்டு. மகன் எடுத்தால் அது குடும்ப விஷயம். நேற்று ஜீப் அனுப்பிய மேலிடமும் இன்று போனில் அதையே சொன்னது.

யுவஸ்ரீ ஒன்று மட்டும் கேட்டார். மாசாணியம்மாள் முகத்தைப் பார்த்து, தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

நஞ்சப்பன் வாசற்படி வரை வந்தார். அவருக்கு அதுவே பெரிய தூரமாக இருந்தது. "சரி மாசாணி, என்னமோ கெரகம், நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காத. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துரு."

மாசாணியம்மாள் அவரைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவரை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு நாளும் உள்ள உடாதவரு, திருடின்னு சொல்றதுக்கு மட்டும் என்னைய உள்ள உட்டுப்போட்டீங்களே பண்ணாடி."

சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியைத் தாண்டினாள். யாரும் தடுக்கவில்லை. மேசையருகே போய் ரயிலை முழுதாக ஒரு முறை பார்த்தாள். பாலம், ஸ்டேஷன், வேகன்கள். "இத்துனூண்டுதானா?" என்றாள். பிறகு மின்னும் சக்கரம் மாட்டிய அந்த வேகனைக் கையில் எடுத்து, சோப்பில் ஊறித் தடித்த விரலால் எட்டுச் சக்கரத்தையும் ஒவ்வொன்றாக உருட்டிவிட்டு, மேசைமேல் வைத்தாள்.

"இப்ப எழுதிக்குங்க அம்மணி. மாசாணி தொட்டா."

அவள் படியிறங்கிப் போனாள். யுவஸ்ரீ தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பேப்பர் கப்பில் காபி ஆறி ஏடு கட்டியிருந்தது.

எழிலுக்கு நன்னடத்தைச் சான்று கிடைத்தது. யுவஸ்ரீ தானே எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நகைக்கடையில் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ, இறங்கி நடந்ததைப் பார்த்தவர் யாருமில்லை.

அடுத்த வாரம் நஞ்சப்பன் உக்கடத்துக்குப் போன் போட்டார்.

"கலீல், அந்த வேகனுக்கு வேற சக்கரம் வேணும். சட்டத்தோட மாத்திரலாம்."

"ஏனுங்கண்ணா? மாட்டி ரெண்டு வாரங்கூட ஆகல. புதுசு."

"இல்ல, அது வேண்டாம். வேற போட்டரலாம்."

"சரியாத்தான உருளுது? வளையத்த நானே பாத்துத் திருப்பி மாட்டிட்டு வந்தனே?"

"உருளுது. இருந்தாலும் வேண்டாம்."

கலீல் ரஹ்மானுக்கு மாசாணியின் விரல் நினைவுக்கு வந்தது, அப்போதுதான் புரிந்தது. அவருக்கு எதிரே கண்ணாடி அலமாரியில் அதே அளவில் மூன்று பெட்டி, பிரிக்காமல், அடுக்கி வைத்திருந்தது. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தச் சக்கரம் இனி வராதுங்கண்ணா."